தனி ஆய்வு ப்ராஜெக்ட் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உதவுமா? தொடங்கும் முன் படிக்க ஒரு வழிகாட்டி

பதினொன்றாம் வகுப்பு தொடங்கிச் சில மாதங்களிலேயே இந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அடுத்த ஃப்ளாட் பையன் ஏதோ "ரிசர்ச் பேப்பர்" போட்டானாம், அமெரிக்காவில் சீட் கிடைத்ததாம். போனைத் திறந்தால் விளம்பரம்: பத்தே வாரத்தில் ஆய்வுக் கட்டுரை, பிஎச்டி முடித்தவரின் நேரடி வழிகாட்டல், சான்றிதழ் உறுதி. நாம் மட்டும் பின்தங்கிவிட்டோமோ என்ற பயம் பிள்ளையைவிடப் பெற்றோருக்கு அதிகம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அந்தக் கட்டுரையை முழுதாகப் படிக்கப் போவதில்லை. அவருக்கு வந்து சேர்வது படிவத்தில் இரண்டு வரி, ஓர் ஆசிரியரின் கடிதம், சில இடங்களில் ஒரு நேர்காணல். அந்தக் குறுகலான சந்துக்குள் நுழைந்து போகக்கூடிய ஆய்வு உதவும். நுழைய முடியாதது எவ்வளவு கனமான பைண்டிங்கில் இருந்தாலும் வெளியேதான் நிற்கும். ஆகவே செய்யலாமா வேண்டாமா என்பதைக் கீழே உள்ள வரிசையில் யோசியுங்கள். முதல் படியிலேயே "வேண்டாம்" என்று பதில் வந்தால் மிச்சத்தைப் படிக்கக்கூடத் தேவையில்லை.

இது பிளஸ் டூ முடித்து இளநிலைப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு. முதுநிலை, பிஎச்டி விண்ணப்பங்களில் ஆய்வு அனுபவத்துக்கு நேரடி மதிப்பு உண்டு. அங்கே கணக்கே வேறு.

படி 1: நீங்கள் போகும் இடத்தில் ஆய்வைப் போட ஒரு கட்டம் இருக்கிறதா?

அண்ணா பல்கலைக்கழகம், மற்ற பொறியியல் கல்லூரிகளா? கவுன்சலிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அந்தக் கூட்டலில் உங்கள் ஆய்வுக்கு அரை மதிப்பெண்கூட இல்லை. மருத்துவத்துக்கு நீட், ஐஐடிக்கு ஜேஇஇ, மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான ஐசருக்கு அதன் சொந்த நுழைவுத் தேர்வு. இலங்கையில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. இவற்றில் எதற்காவது தயாராகிறவர் "விண்ணப்பத்துக்காக" ஆய்வு செய்யக் கூடாது. ஆசைக்குச் செய்யலாம், அது வேறு விஷயம்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் தகுதியையும் மதிப்பெண்ணையும்தான் பார்க்கின்றன. அங்கே இளநிலைக்குப் போகிறவர் ஆய்வில் செலவழிக்கும் நேரத்தை ஜெர்மன் மொழியில் செலவழித்தால் பலன் கூடுதல். கனடாவில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; முதன்மையானது மதிப்பெண், சில இடங்களில் கூடுதலாக ஒரு தன்விவரப் படிவம் கேட்பார்கள். இந்தியாவிலேயே அசோகா போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணுக்கு அப்பாலும் பார்க்கின்றன.

பிரிட்டன் நடுவில் நிற்கிறது. அங்கே இளநிலைக்கான பொது விண்ணப்பமான யூகாஸ் படிவத்தில் தன்விளக்கக் கட்டுரை முன்பு ஒரே நீளமான பத்தியாக இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள்தான். மூன்றாவது கேள்வியில் உங்கள் ஆய்வுக்கு இடம் உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அது நீங்கள் கேட்கும் படிப்போடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். பொருளாதாரம் படிக்க விண்ணப்பித்துவிட்டு ரோபோ செய்த கதையை எழுதினால் யாருக்கும் அக்கறை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நேர்காணல் வைக்கின்றன. அங்கே சாதனைகளை ஒப்பிக்கச் சொல்வதில்லை, கணக்கோ வாதமோ கொடுத்து நீங்கள் யோசிக்கும் விதத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் கட்டுரையில் நீங்கள் எழுதிய எதையும் பிடித்துக் கேள்வி வரலாம்.

அமெரிக்காவில்தான் இதற்கு அகலமான இடம். பெரும்பாலான கல்லூரிகள் பயன்படுத்தும் காமன் ஆப் படிவத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை போடலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. எம்ஐடி தனிப் படிவம் வைத்திருக்கிறது, அதில் நான்கே நான்கு செயல்பாடுகள். கூடவே, தீவிரமாக ஆய்வு செய்தவர்கள் தனியாக ஓர் ஆய்வுத் தொகுப்பை அனுப்பவும் எம்ஐடி வழி வைத்திருக்கிறது. கால்டெக்கிலும் ஆய்வுக் கட்டுரையைச் சேர்த்து அனுப்பலாம். இந்த மாதிரி இடங்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: மதிப்பெண் எங்கே நிற்கிறது?

ஹார்வர்டின் சேர்க்கை முறைக்கு எதிரான வழக்கு 2018-இல் விசாரணைக்கு வந்தபோது, உள்ளே பயன்படுத்திய மதிப்பீட்டுக் கையேடு பொதுவெளிக்கு வந்தது. விண்ணப்பதாரருக்குப் படிப்பில் 1 முதல் 6 வரை தரம் போடுகிறார்கள், 1 தான் உச்சம். அந்த 1-க்கான விளக்கத்தில் சொந்த ஆய்வுக்கான சான்றும் இடம்பெறுகிறது. விளம்பரக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே வாக்கியத்தில் அதற்கு முன்னால் இருப்பது கிட்டத்தட்டக் குறையே இல்லாத மதிப்பெண். சான்று "இருக்கக்கூடும்" என்ற தொனியில்தான் கடைசியாக வருகிறது. அதாவது ஏற்கனவே உச்சியில் இருக்கிற ஒரு சிலரைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு. சரிந்த மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்த அல்ல.

ஆகவே கணிதத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும்போது இயந்திரக் கற்றலில் "ஆய்வு" செய்வது எதிர்விளைவைத்தான் தரும். படிப்பவருக்கு உடனே சந்தேகம் வரும்: இதை யார் செய்து கொடுத்தார்கள்?

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் நிதி உதவித் தேவையையும் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுக்கின்றன. தேவையைப் பார்க்காமல் முடிவெடுப்பவை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. "கட்டணம் கட்ட முடியாது" என்ற தடையை ஓர் ஆய்வுக் கட்டுரை தாண்டவைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 3: நேரம் இருக்கிறதா?

அமெரிக்க முன்கூட்டிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமானவை ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15. அப்படியென்றால் பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறைதான் உங்கள் நிஜமான வேலைக்காலம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று நான்கு மாதம் ஒதுக்கினால் நூறு மணி நேரம் வரும். ஒரு சிறிய, நேர்மையான ஆய்வுக்கு அது போதும். பிளஸ் டூ அரையாண்டு நெருங்கும்போது புதிதாகத் தொடங்க நினைத்தால், விட்டுவிடுங்கள்.

ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிப்பவரா? உங்களுக்கு 4,000 சொற்களுக்குள் ஒரு நீள் கட்டுரை ஏற்கனவே கட்டாயம். அதையே உருப்படியாகச் செய்தால் போதுமே, வெளியே போய் இன்னொன்றை ஏன் வாங்க வேண்டும்? பிரிட்டன் பாடத்திட்டத்தில் இபிக்யூ என்ற தனி ஆய்வு ப்ராஜெக்டை எடுக்கும் வாய்ப்பு இருந்தால் அதுவும் இதே வகைதான். அதை முடித்தவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் கிரேடில் சற்றுச் சலுகைகூடக் கொடுக்கின்றன.

படி 4: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

பெரும்பாலான பள்ளி ஆய்வுகள் தலைப்பிலேயே தோற்றுவிடுகின்றன. "காலநிலை மாற்றமும் சென்னையின் நீர்ப் பாதுகாப்பும்" என்று ஒரு மாணவர் எழுதிக் கொண்டுவந்தால், அதில் ஆய்வு எதுவும் நடக்கப் போவதில்லை என்று அப்போதே சொல்லிவிடலாம். பத்துக் கட்டுரைகளைப் படித்துச் சுருக்கி எழுதுவார். அதைச் செய்ய இன்று சாட்ஜிபிடிக்கு ஒரு நிமிடம்.

அதே தலைப்பை எப்படி இறக்கிக் கொண்டுவருவது என்று பார்ப்போம். சென்னைக் குடிநீர் வாரியத்தின் தளத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் அன்றாட நிலவரம் வருகிறது: நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு. காசு கொடுக்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அது 2015 டிசம்பரில் நிரம்பி வழியும் நிலைக்கு வந்தது, 2019 கோடையில் தரை தெரிய வறண்டது. இப்போது கேள்வியைக் கேளுங்கள்: அக்டோபரில் பெய்கிற முதல் 50 மில்லிமீட்டர் மழையும், நவம்பர் கடைசியில் பெய்கிற 50 மில்லிமீட்டரும் இந்த ஏரிக்கு ஒரே அளவு தண்ணீரைக் கொண்டுவருகின்றனவா?

இதற்கு ஒரு எக்ஸெல் தாளும் பிளஸ் ஒன் புள்ளியியலும் போதும். காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும் என்பது ஓர் ஊகம். மேலே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் என்று இருக்கிற ஏரிகள் நிரம்பினால்தான் உபரிநீர் கீழே வரும் என்பது இன்னோர் ஊகம். இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கும்போதுதான் நிஜ ஆய்வு தொடங்குகிறது.

உடனே தடங்கலும் வரும். ஒரு நாள் மழையே இல்லை, நீர்வரத்து மட்டும் குபுகுபுவென்று ஏறியிருக்கும். ஏன் என்று தேடினால் பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாயில் தண்ணீர் திறந்திருப்பார்கள். அந்த நாட்களை எப்படி நீக்குவது? மழைமானி இருப்பது ஏரிக்கரையில், மழை பெய்தது இருபது கிலோமீட்டர் தள்ளி. இந்தப் பிழையை எப்படிக் கையாள்வது? ஒரு முனைவர் பட்ட மாணவருக்கும் இதே தலைவலிதான். நேர்காணலில் "உங்கள் தரவில் எது நம்பத்தகாதது?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும். பத்து வார வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கியவரிடம் அந்தப் பதில் இருக்காது.

உங்கள் ஊர் சென்னை இல்லையென்றால் உங்கள் ஊரில் இருப்பதை எடுங்கள். பறவை பார்க்கப் பிடிக்குமா, பறவை ஆர்வலர்கள் பார்த்ததைப் பதிவிடும் இபேர்ட் தளத்தின் தரவு திறந்தே கிடக்கிறது. வரலாறா? தாத்தா காலத்துப் பத்திரங்கள், கோயில் கல்வெட்டு, ஊர் நூலகத்துப் பழைய நாளிதழ்கள். ஆய்வு என்றால் அறிவியல் மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளி மாணவர்களின் வரலாற்றுக் கட்டுரைகளுக்கென்றே தி கான்கார்ட் ரிவ்யூ என்ற அமெரிக்க இதழ் 1980-களிலிருந்து வருகிறது.

படி 5: யாரிடமாவது காட்டுங்கள், ஆனால் விலைக்கு வாங்காதீர்கள்

2023-இல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கப் புலனாய்வுச் செய்தி நிறுவனம் இந்தத் தொழிலைப் பற்றி விரிவாக எழுதியது. பள்ளி மாணவரை "ஆய்வாளர்" ஆக்கும் சேவைகளுக்கு 2,500 முதல் 10,000 டாலர் வரை வாங்குகிறார்கள். நம் பணத்தில் இரண்டு லட்சத்திலிருந்து எட்டு லட்சத்துக்கு மேல். அந்தக் கட்டுரைகளை வெளியிடுவதற்கென்றே இணைய இதழ்களும் முளைத்திருக்கின்றன. சேர்க்கை அலுவலர்களுக்கு இது தெரியாது என்று நினைப்பது நம் வெகுளித்தனம். அவர்கள் படிக்கிற குவியலில் ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் எத்தனை!

கட்டண மென்ட்டார் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்துப் பிள்ளை நிஜமாகவே கற்றுக்கொண்டதும் உண்டு. சேரும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தலைப்பை யார் தேர்ந்தெடுப்பது? முடிவு தப்பாகப் போனால் என்ன ஆகும்? வெளியீடு உறுதியா? கடைசிக் கேள்விக்கு "உறுதி" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். நடுவர்கள் உண்மையாகப் படித்துப் பார்க்கும் எந்த இதழிலும் வெளியீட்டை முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியாது. மூன்று நாளில் வெளியிட்டு, ஐஎஸ்எஸ்என் எண்ணும் சான்றிதழும் தருகிறேன் என்று வாட்ஸாப்பில் வரும் இதழ்களுக்கும் இதே மரியாதைதான். ஐஎஸ்எஸ்என் என்பது வெறும் பதிவு எண், தரச்சான்று அல்ல.

காசில்லாத, அல்லது அதிகம் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பல்லாண்டுகள் நடத்தியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்துத் தமிழிலேயே செய்யலாம், மாவட்ட அளவில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகலாம். நம் ஊரில் பலர் இதைச் சின்னப் பிள்ளைகள் விஷயமாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள், ஏனோ தெரியவில்லை. தேசிய அளவில் ஐரிஸ் என்ற பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சி. அதில் தேர்வாகிறவர்கள் அமெரிக்காவில் நடக்கும் ரீஜெனரான் ஐசெஃப் என்ற சர்வதேசப் பள்ளி அறிவியல் போட்டிக்குப் போகிறார்கள். கட்டுரையாக வெளியிட ஆசையென்றால் ஹார்வர்டு பட்டமேற்படிப்பு மாணவர்கள் 2011-இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் எமர்ஜிங் இன்வெஸ்டிகேட்டர்ஸ் இருக்கிறது. விஞ்ஞானிகள் படித்துத் திருத்தம் சொல்வார்கள், பல மாதம் ஆகும். ஆகட்டும், அந்தத் திருத்தக் குறிப்புகள்தான் லாபம்.

பேராசிரியர்களுக்கு மெயில் எழுதுவதாக இருந்தால் ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீர்கள். உங்கள் பக்கத்துக் கல்லூரியில் அந்தப் பாடம் எடுப்பவருக்கு ஐந்தே வரி போதும்: "ஐயா, நான் இன்ன பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். செம்பரம்பாக்கம் நீர்வரத்தையும் மழையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கால்வாயில் தண்ணீர் வந்த நாட்களைப் பிரிக்க முடியவில்லை. இணைத்திருக்கும் வரைபடத்தைப் பார்த்து இந்த ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்க்க முடியுமா?" வேலை ஏதாவது செய்த பிறகு கேட்கும் கேள்விக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். "உங்களிடம் இன்டர்ன்ஷிப் வேண்டும்" என்பதற்குப் பெரும்பாலும் மௌனம்தான்.

படி 6: அனுமதி வேண்டிய வேலையா என்று முன்பே பாருங்கள்

வகுப்புத் தோழர்களிடம் மனஅழுத்தம் பற்றி கூகுள் ஃபார்ம் அனுப்புவதுதான் இப்போது எல்லோரும் செய்யும் "ஆய்வு". மனிதர்களிடம் தகவல் வாங்கும் ஆய்வுக்கு ஐசெஃப் போன்ற போட்டிகளில் முன்கூட்டியே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தரவு சேகரித்த பிறகு போய் வாங்க முடியாது. வீட்டுச் சமையலறையில் பாக்டீரியா வளர்ப்பதும் அங்கே விதிமீறல். போட்டிக்கே போகாவிட்டாலும், பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேள்வி அனுப்பிவிட்டு "ஆம்" என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? யோசித்துவிட்டு இறங்குங்கள்.

படி 7: படிவத்துக்குள் அடக்குவது

படிவம் ஆங்கிலத்தில்தான், ஆனால் கோட்பாட்டைத் தமிழிலேயே காட்டலாம். உதவாத வரி இப்படி இருக்கும்: "காலநிலை மாற்றம் குறித்த ஆய்வுக் கட்டுரையைச் சர்வதேச இதழில் வெளியிட்டு நீர் மேலாண்மை விழிப்புணர்வை ஏற்படுத்தினேன்." உதவும் வரி: "10 ஆண்டு ஏரி நீர்வரத்தை மழையோடு ஒப்பிட்டேன், அக்டோபர், நவம்பர் வேறுபாட்டை அளந்தேன், கால்வாய் நீர் வந்த நாட்களை நீக்க முறை வகுத்தேன்." இரண்டாவதில் பெரிய சொல் ஒன்றுமில்லை. செய்த வேலை மட்டும் இருக்கிறது.

கட்டுரைகளில் ஆய்வைப் பற்றி எழுதினால் முடிவை விளக்க ஒரு வாக்கியம், வழியில் மனம் மாறிய இடத்துக்கு மீதி. பள்ளி ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது ஒரு பக்கக் குறிப்பும் உங்கள் நோட்டுப் புத்தகமும் கொடுங்கள். "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று முடிந்துவிடும் கடிதத்தில், "மூன்று வாரம் ஒரே வரைபடத்தோடு என்னைத் துளைத்தெடுத்தாள்" என்று ஒரு வரி வந்தால் அதன் எடையே வேறு. வழிகாட்டிய கல்லூரி ஆசிரியர் இருந்தால், கூடுதல் பரிந்துரையை ஏற்கும் இடங்களில் அவரிடமும் கேட்கலாம். அவர் உங்களை உண்மையில் அறிந்திருந்தால் மட்டும்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுத உதவி வாங்கியது தப்பில்லை. ஏஐ எழுதியதைத் தன் எழுத்து என்று அனுப்புவதைக் காமன் ஆப் மோசடியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. தேதியிட்ட நோட்டு, பழைய எக்ஸெல் பிரதிகள், தப்பாகப் போன வரைபடங்கள் எதையும் அழிக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கும் நாளில் ஆய்வு முடியவில்லையா? "நடந்துகொண்டிருக்கிறது" என்றே எழுதுங்கள். இதழுக்கு அனுப்பியிருந்தால் "அனுப்பப்பட்டுள்ளது", ஏற்கப்பட்டிருந்தால் மட்டும் "ஏற்கப்பட்டது". அனுப்பியதை வெளியானது என்று எழுதிவிட்டுப் பிறகு தெரியவந்தால், கிடைத்த இடத்தையே திரும்பப் பெறும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. விண்ணப்பத்துக்குப் பிறகு ஏதாவது முக்கியமாக நடந்தால் பல அமெரிக்கக் கல்லூரிகளின் விண்ணப்பதாரர் தளத்தில் புதிய தகவல் சேர்க்க வழி இருக்கும். அங்கே நான்கு வரி எழுதிப் போட்டுவிட்டு, பிளஸ் டூ ரிவிஷனுக்குத் திரும்பிவிடுங்கள். இடம் கொடுத்தாலும் இறுதி மதிப்பெண்ணைக் கேட்பார்கள்.